சோப்பு டப்பா துப்பாக்கி

“பாஸ், இந்தத் துப்பாக்கி என் கையைப் புடிச்சுக்கிச்சு. விட மாட்டேங்குது.”

பெர்சி நடோ வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. முன்கொட்டகைச் சுவரில் வரிசையாகச் சாத்தியிருந்த மூன்று துப்பாக்கிகளில் நடுவில் இருந்ததை ஒரு சாண் நகர்த்தப் போனான். அவனுடைய பச்சைக் கம்பளிக் கையுறை, தோளில் ஊன்றுகிற கட்டையோடு பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. வலுவாக இழுத்தபோது கை வந்தது. நாலைந்து பச்சை இழைகள் மட்டும் கட்டையிலேயே தங்கிவிட்டன.

தனியார் துப்பறியும் பெண்மணி லெம்பி ஹக்காலா குனிந்து பார்த்தார். ஐம்பத்து நான்கு வயது, ஆண்கள் போடுகிற கனத்த கோட்டு, அதன் பையில் மூன்று துப்பாக்கிகளின் போல்ட்டுகளும், அவை இல்லாமல் துப்பாக்கி சுடாது. நேற்று மதியம் வந்து இறங்கியதும் அவர் செய்த முதல் வேலை அவற்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டதுதான். நடந்தால் சாவிக்கொத்து போலச் சத்தம் கேட்கும்.

“எது இது? டேரிலோடதுதானே?”

“அவனோடதேதான். கறுப்புப் பிளாஸ்டிக். இந்த ஆளுங்க வாயில சோப்பு டப்பா.” பெர்சி கையுறையை முகர்ந்து பார்த்தான். “மாப்பிள்ளை நேத்துக் காலையில பான்கேக் தின்னுட்டுப் பாகு வழியற கையோட துப்பாக்கியைத் தொட்டிருப்பாரு. கேஸ் முடிஞ்சுது. நான் போய் அடுப்புப் பக்கத்துல உக்காரட்டுமா?”

“பாகு வாசனை வருதா?”

“இந்தக் குளிர்ல என் வாசனையே எனக்கு வரல.”

“மத்த ரெண்டையும் தொடு.”

பெர்சி தொட்டான். இடப்பக்கம் இருந்தது கிளைட் ட்ரெவாரோவுடையது. மரக்கட்டைதான், ஆனால் மேலே கண்ணாடிபோல் வார்னிஷ், விரல் வழுக்கியது. வலப்பக்கம் இருந்தது ஓலவி ஸால்மியுடையது. முப்பது வருஷமாக ஒரே கை தேய்த்துத் தேய்த்துக் கறுத்த வால்நட் மரம். உலர்ந்து, வழவழவென்று, அந்தக் குளிரிலும் ஏதோ உயிருள்ள ஒன்றைத் தொட்டதுபோல் இருந்தது. இரண்டிலும் பிசுபிசுப்பு துளிகூட இல்லை.

“ஒட்டல” என்றான்.

லெம்பி கொட்டகையின் வெளிக்கதவைத் திறந்தார். கதவு உள்பக்கமாகத் திறந்தது. வெளியே போக வழியில்லை. கதவின் சட்டங்களும் கொண்டியும் அச்சாகப் பதிந்த வெள்ளைச் சுவர் ஒன்று நெஞ்சளவுக்கு நின்றது. அதற்கு மேலே காற்று கிடையாகப் பனியை ஓட்டிக்கொண்டிருந்தது. சுப்பீரியர் ஏரியிலிருந்து வருகிற பனி அப்படித்தான், எப்போது நிற்கும் என்று யாருக்கும் சொல்லாது.

“மண்வாரியை எடு பெர்சி. சவுனாவுக்குப் போறோம்.”

“நானே குளிக்கலாம்னுதான் நினைச்சேன்.”

“குளிக்க இல்லை. டேரிலைக் கேக்க.”

நிலைமை இதுதான். நேற்றுக் காலை எட்டு மணிக்கு, மான் வேட்டை தொடங்கிய மூன்றாம் நாள், இந்த மரவீட்டின் சொந்தக்காரர் ரெய்னோ கங்காஸ் தன் மறைவிடத்தில் உட்கார்ந்திருந்தபோது யாரோ அவரைச் சுட்டார்கள். தோட்டா தோளுக்குக் கீழே புகுந்து வெளியே போய்விட்டது. உயிர் இருக்கிறது, நினைவு இல்லை. சுட்டவன் நின்ற இடத்தில் கிடந்த காலித் தோட்டா டேரிலுடைய துப்பாக்கியில் மட்டும் பொருந்துகிற அளவு. டேரில் ரெய்னோவின் மருமகன், கல்யாணமாகி இரண்டு வருஷம். நேற்று அவன் காய்ச்சல் என்று வேட்டைக்குப் போகாமல் வீட்டில் தனியாகப் படுத்திருந்தான், சாட்சி சொல்ல ஆள் இல்லை. அதற்கு முந்தின மாலை மாமனாரும் மருமகனும் அந்தப் பிளாஸ்டிக் கட்டைக்காகவே கத்திச் சண்டை போட்டதைக் கிளைட்டும் ஓலவியும் கேட்டிருக்கிறார்கள். கிளைட் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சவுனா என்கிற நீராவிக் குளியல் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

லெம்பிக்கு இதில் ஒன்று மட்டும் செமிக்கவில்லை. ரெய்னோ போன வாரம் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்: ‘ஆறு வருஷத்துக்கு முன் என் தம்பி வில்ஹோவைக் காட்டில் சுட்டுவிட்டு வாய் திறக்காமல் இருப்பவன் யார் என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் மதியம் வாருங்கள், நேரில் சொல்கிறேன்.’ சொல்லத்தான் வரச்சொன்னார். லெம்பியும் பெர்சியும் வந்து சேர்வதற்கு நான்கு மணி நேரம் முன்னால் சுடப்பட்டுவிட்டார். அவர்கள் வந்த பனிவண்டியின் தடம் அரை மணியில் மூடிக்கொண்டது. பனி தள்ளும் வண்டி நாளை மதியத்துக்கு முன் வராது என்று ரேடியோ சொல்லிவிட்டது.

சுட்டவன் டேரில் என்றால் அவன் பூட்டுக்குள் இருக்கிறான், பயமில்லை. இல்லையென்றால், சுட்டவன் ரெய்னோவின் கட்டிலுக்குப் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். ரெய்னோ கண் திறந்து பேசுவதற்குள் அவனுக்கு ஒரு நிமிஷம் தனிமை கிடைத்தால் போதும்.

அதனால் நேற்றிலிருந்து பெர்சியும் லெம்பியும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். இப்போது முதல் தடவையாக இருவரும் சேர்ந்து வெளியே போக வேண்டும். வெள்ளைச் சுவரை ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் வழி தவறாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

லெம்பி உள்ளே தலையை நீட்டினார். “கிளைட்! நாங்க திரும்பி வர்ற வரைக்கும் இந்த அறையை விட்டு நகரக் கூடாது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இங்கேயே இருக்கணும்.”

கிளைட் ட்ரெவாரோ மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், குரலும் இரும்புதான். “எதுக்கு அந்தப் பயலைப் போய்ப் பாக்கணும்? வண்டி வரட்டும், ஷெரீஃப் பாத்துக்குவாரு. பிளாஸ்டிக் வாங்கினப்பவே தெரியும் எனக்கு, அவன் மனுசன் இல்லேன்னு.”

“உன் வார்னிஷுக்கு அந்தப் பிளாஸ்டிக் தேவலாம்” என்றார் அடுப்பருகே நின்ற ஓலவி. சுரங்கத்தில் முதலுதவிக்காரராக இருபது வருஷம் வேலை பார்த்தவர். ரெய்னோவின் ரத்தத்தை நேற்று நிறுத்தியது அவருடைய கட்டுதான். இங்கே சமையலும் அவரே. “மரத்து மேல கண்ணாடியை ஒட்டிட்டு மரம்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். தம்பி பெர்சி, வெறும் வயித்தோட போகாதே. இந்தா.”

சூடான பேஸ்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். உள்ளே கறியும் உருளைக்கிழங்கும் மணத்தன. பெர்சிக்கு இந்த வீட்டில் பிடித்த ஒரே ஆள் ஓலவிதான்.

சவுனா இருபது தப்படி தூரம். போய்ச் சேரப் பதினெட்டு நிமிஷம் ஆனது.

டேரில் பெரோ பலகைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்தொன்பது வயது, காகித ஆலைக்கு மரம் ஏற்றிப்போகிற லாரி ஓட்டுகிறவன். ஜன்னல் இல்லாத அறை. அடுப்பில் நாலு கட்டை எரிந்தாலும் சுவரோரம் குளிர் ஊறிக்கொண்டிருந்தது.

“மாமா எப்படி இருக்காரு?” என்பதுதான் அவன் முதல் கேள்வி.

“மூச்சு இருக்கு” என்றார் லெம்பி. “துப்பாக்கியைக் கடைசியா எப்ப தொட்டே?”

“சண்டை போட்ட அன்னிக்குச் சாயங்காலம். அவர்தான் அதை வெளியே தூக்கி எறிஞ்சாரு. என் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக்கான்னு. நான் எடுத்துட்டு வந்து வரிசையில சாத்தினேன். அவ்வளவுதான்.”

“துடைச்சு வெச்சியா?”

டேரில் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். “துடைக்கவா? துடைக்க வேண்டாம்னுதானே மேடம் அதையே வாங்கினேன்! என் லாரி சீட்டுக்குப் பின்னால கெடந்து உருளும். மழை, பனி, சேறு, எல்லாம் படும். உதறினா போச்சு. இவங்க மாதிரி வேட்டைக்குப் போயிட்டு வந்து அரை மணி நேரம் கட்டையை மடியில வெச்சுத் தாலாட்டறதுக்கு எனக்கு எங்க நேரம்?”

“சிரப், பாகு, பசை, ஏதாவது பட்டுச்சா?” என்றான் பெர்சி, விடாமல்.

“பாகா? காய்ச்சல்ல ரெண்டு நாளா கஞ்சிதான்.” அவன் குரல் உடைந்தது. “எல்லாரும் சிரிச்சாங்க. சோப்பு டப்பான்னாங்க. ஒண்ணு மட்டும் யாரும் ஒத்துக்கலே. மூணு நாள் ஈரப்பனி பேஞ்சா இவங்க மரம் உப்பிப்போய்க் குழாயை நெருக்கும். குறி வெச்ச எடம் ஒண்ணு, தோட்டா போற எடம் ஒண்ணு. என்னோடது எந்த மழையிலயும் வெச்ச எடத்துக்குப் போகும். மாமாகிட்ட அதைத்தான் சொன்னேன். அதுக்குத்தான் அந்தக் கத்தல்.”

லெம்பி நிமிர்ந்தார். “அதைச் சொன்னப்போ கிளைட்டும் ஓலவியும் கேட்டாங்களா?”

“ஒரே மேஜைதானே.”

திரும்பி வருகிற வழியில் கயிறு உறைந்து கம்பியாகியிருந்தது. வெட்டிய பாதி வழி மூடியும் விட்டது. பெர்சி காற்றோடு கத்திப் பேசினான்.

“கிளைட்தான் பாஸ்! அவர்தான் ரொம்பக் குதிக்கிறாரு! குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவ்வளவு அவசரப்படறவன் தன்னையே தேடறான்னு அர்த்தம்!”

“ஒரு ஆள் நேத்து விடியறதுக்கு முன்னால தன்னோட துப்பாக்கியை வெளியே எங்கேயோ மறைச்சிட்டு டேரிலோடதை எடுத்துட்டுப் போயிருக்கான்” என்றார் லெம்பி, அவன் சொன்னதைக் காதில் வாங்காதவராக. “பழியை அவன் மேல போட. அதோட, மூணு நாள் ஈரத்துக்கப்புறம் தன் மரத்தையே அவனால நம்ப முடியல.”

“அதான் சொல்றேனே, கிளைட்!”

முன்கொட்டகைக்குள் ஏறியபோது கிளைட் அங்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

லெம்பியின் முகம் மாறியது. “உங்களை நகரக் கூடாதுன்னு சொன்னேனே!”

“அடுப்பு அணையுதுன்னு ஓலவிதான் அனுப்பினான். பத்து நிமிஷம்தானே ஆச்சு. என்ன இப்போ?”

பெர்சி உள்ளே ஓடினான். ரெய்னோவின் கட்டில்மேல் ஓலவி குனிந்திருந்தார். கட்டுத்துணியின் ஒரு முனை அவர் கையில் இருந்தது. கீழே விரிப்பில் புது ரத்தம், உள்ளங்கையளவு.

“கட்டு மாத்தறேன் தம்பி” என்றார் ஓலவி நிதானமாக. “ஊறிப்போச்சு.”

பெர்சிக்கு மூச்சு வந்தது. கிளைட் கொட்டகையில் இருந்தார், ஓலவி கட்டில் பக்கம். நல்ல வேளை இப்படி, மாறி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பின்னால் கதவு திறந்தது. லெம்பி டேரிலின் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக உள்ளே வந்தார்.

“ஐயோ!” என்று அலறிவிட்டார் கிளைட். “துப்பாக்கியைச் சூட்டுக்குள்ள கொண்டு வர்றீங்களே! இரும்பு வேர்த்துடும்! உள்ளே ஈரம் எறங்கித் துரு ஏறிடும்! இங்க பொறந்து வளந்தவங்கதானே நீங்க? சின்னப் புள்ளைகூட இதைச் செய்யாது!”

“தெரியும்” என்றார் லெம்பி. அடுப்புக்கு எதிரே நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, கறுப்புக் கட்டை தீப்பக்கம் பார்க்கும்படி துப்பாக்கியை அதன்மேல் கிடத்தினார். “எல்லாரும் உக்காருங்க. ஓலவி, நீங்க அங்கேயே இருங்க. பெர்சி, நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நில்லு.”

குழாய்மேல் பனி உருகி, சொல்லி வைத்தாற்போல் வியர்த்தது. கிளைட் அதைப் பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலில் முக்கால் பங்கு பனி ஏறியிருந்தது, மிச்சக் கால் பங்கில் சாம்பல் நிற வெளிச்சம். ஐந்து பேர் மூச்சு, ஒரு அறை, ஒரு கதவு, அதற்கு வெளியே போக இடமே இல்லை. பெர்சிக்குக் கழுத்துப்பட்டையைத் தளர்த்த வேண்டும்போல் இருந்தது.

மூன்றாவது நிமிஷத்தில் வாசனை கிளம்பியது.

முதலில் லேசாக, பிறகு அறை முழுக்க. கொஞ்சம் கொட்டைப் பருப்பு வாசனை, கொஞ்சம் பழைய பெயிண்ட் கடை வாசனை.

கிளைட் மூக்கை உறிஞ்சினார். “ஓலவி, இப்ப எதுக்குடா கட்டைக்கு எண்ணெய் போடறே? ஆள் சாகக் கெடக்கான், உனக்கு…”

பாதியில் நின்றார். ஓலவியின் துப்பாக்கி வெளியே கொட்டகையில் இருந்தது. அறைக்குள் இருந்தது ஒரே துப்பாக்கி.

“சொல்லுங்க கிளைட்” என்றார் லெம்பி. “இது என்ன எண்ணெய்?”

“ஆளிவிதை எண்ணெய்.” அவர் குரலில் முதல் தடவையாக இரும்பு இல்லை. “என் வார்னிஷ்ல அது ஒட்டாது. நான் கார் பாலிஷ் துணியில துடைப்பேன். டேரில் எதுவுமே செய்ய மாட்டான். பிளாஸ்டிக்குக்கு எவனாவது எண்ணெய் போடுவானா?”

“மரத்தோடவே முப்பது வருஷம் வாழ்ந்தவன் போடுவான். கொட்டகை இருட்டுல, அவசரத்துல, பனி படிஞ்ச துப்பாக்கியை வரிசையில சாத்தும்போது அவன் கை தானா அந்த எண்ணெய்த் துணிக்குப் போகும். மரமா இருந்தா குடிச்சிருக்கும். பிளாஸ்டிக் குடிக்கலே. மேலேயே நின்னு பசையாயிடுச்சு.”

பெர்சிக்குக் கோட்டுப் பையில் இருந்த பேஸ்டி திடீரென்று கனத்தது. அதை எடுத்துக் கீழே வைத்தான். “பாஸ், ஓலவி மேல பழி வர்றதுக்காக வேற யாராவது…”

“டேரில் மேல பழி போட ஏற்பாடு பண்ணினவன் அதே கையால ஓலவி மேலயும் போடுவானா? ஒருத்தனுக்குத்தான் வலை விரிப்பாங்க பெர்சி.”

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். ஓலவியின் விரல்களில் கட்டுத்துணியின் முனை இன்னும் இருந்தது. அவர் அதை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

“துணியை விடுங்க அண்ணே” என்றான் பெர்சி. கேலி எதுவும் வாயில் வரவில்லை.

“கிளைட் விறகுக்குப் போனதும் முடிச்சை அவுத்தேன்” என்றார் ஓலவி. “இழுத்தாப் போதும். அரை மணியில முடிஞ்சிருக்கும். பத்து நிமிஷமா இப்படியே நிக்கறேன். கை வரல.”

“எதுக்குடா?” என்று கிளைட் கத்தினார். “ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனவங்கடா நாம!”

ஓலவி லெம்பியைப் பார்த்துச் சொன்னார். “வில்ஹோ மரத்துக்குப் பின்னால நின்னு மூக்கைச் சிந்தினான். வெள்ளைக் கைக்குட்டை. நான் மானோட வெள்ளை வால்னு நினைச்சேன். அவ்வளவுதாம்மா. ஒரு கைக்குட்டை. அன்னிக்கே சொல்லியிருக்கலாம். ராத்திரி ஆச்சு, சவப்பெட்டி வந்தாச்சு, ரெய்னோ என் தோள்ல சாஞ்சு அழுதான், அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? போன மாசம் குடிச்சிட்டு நானே உளறியிருக்கேன். எனக்கு ஞாபகம் இல்லே. அவனுக்கு இருந்திருக்கு. நீங்க வர்றீங்கன்னு அவன் சொன்னப்போதான் எனக்கு அது புரிஞ்சுது.”

“அதனால சுட்டீங்க.”

“குறி தப்பினது எப்படின்னே தெரியல. அந்தக் கட்டை என் தோளுக்குக் குட்டை” என்றார். பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் வாயை மூடிக்கொண்டார்.

கிளைட் கயிற்றை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். லெம்பி கையை நீட்டித் தடுத்தார்.

“இருங்க. உங்களுக்குக் கட்டுப் போடத் தெரியுமா?”

“எனக்கா? இல்லே.”

“பெர்சி?”

“விரல்ல முள் குத்தினாலே நான் மயக்கம் போட்டுருவேன் பாஸ். உங்களுக்கு?”

“ஒரு தடவை போட்டேன். அந்த ஆள் பிழைக்கலே.”

ரத்தத் திட்டு இரண்டு உள்ளங்கையளவு ஆகியிருந்தது. பெர்சிக்கு அப்போதுதான் முழுசும் விளங்கியது. கொலைகாரனைப் பிடித்தாகிவிட்டது, அவனைப் பூட்டவும் இடம் இருக்கிறது. ஆனால் அவனைப் பூட்டினால் ரெய்னோ சாவார். வண்டி வருகிற வரைக்கும் அந்தக் காயத்தைத் தொடத் தெரிந்த கை இந்தப் பனிக்குள் இது ஒன்றுதான்.

“அவுத்தது நீங்க” என்றார் லெம்பி. “கட்டுங்க.”

ஓலவி குனிந்தார். பெர்சி எதிர்ப்பக்கம் மண்டியிட்டு விளக்கைப் பிடித்தான், மறுகையில் அடுப்புக் கம்பி. துணி ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் ரெய்னோவின் இமை அசைந்தது.

கண் திறந்தார். தன்மேல் குனிந்திருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“வில்ஹோவுக்கும்… இப்படிக் கட்டினியா?” குரல் காற்றாக வந்தது.

“கட்டினேன்” என்றார் ஓலவி. “நேரமாயிடுச்சு.”

ரெய்னோ கண்ணை மூடிக்கொண்டார். போய்விட்டார் என்று பெர்சி பயந்தான். உதடு மட்டும் அசைந்தது.

“லொடலொடன்னு இருக்கு. இறுக்கு.”

ஓலவி இறுக்கினார். பெர்சி விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனான். நாளை மதியம் வரைக்கும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஏழு தடவை இப்படியே பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டான். இதுதான் முதல் தடவை.